குரோஷியா யூரோவுக்கு மாறின கேஸ்: கணக்கு சரியா வந்துச்சு, காபி விலைல மாட்டுச்சு

குரோஷியாவோட மொத்த ஜனத்தொகை 2021 கணக்குப்படி 39 லட்சத்துக்கும் கொஞ்சம் கீழ. நம்ம சேலம் மாவட்டமே 2011 கணக்குல 34.8 லட்சம். அதாவது மேட்டூர்ல இருந்து ஆத்தூர் வரைக்கும் இருக்கற ஜனம் அளவுக்கு ஒரு முழு நாடு, அது தன்னோட சொந்த காசை மூட்ட கட்டி வெச்சுட்டு 2023 ஜனவரி 1-ஆம் தேதி யூரோவுக்கு மாறுச்சு. செவ்வாய்ப்பேட்டைல கொலுசு யாவாரிங்களுக்கு கணக்கு எழுதறதுதான் நமக்கு பொழப்பு, ஞாயித்துக்கிழமைல காமர்ஸ் பசங்க சில பேரு, யாவாரிங்க ரெண்டு மூணு பேரு, பேங்க்ல இருந்து ரிட்டயர் ஆன எங்க பெரியப்பா, எல்லாரும் உக்காந்து ஏதாச்சும் ஒரு கேஸை எடுத்து அலசறது வழக்கம். இந்த வாட்டி இதை எடுத்தோம். பேசினதையும் நான் தேடிப் படிச்சதையும் சேத்து எழுதறேன், நீளமாத்தான் இருக்கும், பொறுத்துக்கோங்க.

முதல்லயே என் கருத்தை சொல்லிடறேன். இந்த கேஸை எல்லாரும் பணவீக்கம், பற்றாக்குறை, கடன் விகிதம்னு பாக்கறாங்க, அதெல்லாம் குரோஷியா ஒழுங்கா பண்ணிருச்சு. உண்மைல அந்த ஜனங்க மனசளவுல முப்பது வருஷம் முன்னாடியே வேற காசுக்கு போயிட்டாங்க. மிச்சம் இருந்தது கடைல விலைச்சீட்டு மட்டும்தான். அங்கதான் சறுக்குச்சு.

பழைய கதை கொஞ்சம்

1991-ல யூகோஸ்லாவியாவுல இருந்து பிரிஞ்சு வந்தாங்க, உடனே போர். அதே வருஷ டிசம்பர்ல குரோஷிய தினார்னு ஒரு தற்காலிக காசு விட்டாங்க. போர் செலவுக்கு நோட்டு அடிச்சு அடிச்சு 1993-ல விலைவாசி வருஷத்துக்கு ஆயிரம் சதவீதத்தை எல்லாம் தாண்டி ஓடுச்சு. அந்த அக்டோபர்ல ஒரு திட்டம் போட்டு, தினார் மதிப்பை ஜெர்மன் மார்க்கோட ஒட்டி நிறுத்தி, ஒரு வழியா அடக்கினாங்க. அப்பறம் 1994 மே 30-ல 1000 தினாருக்கு 1 குனான்னு புது காசு. குனாங்கறது மரநாய் மாதிரி ஒரு காட்டு பிராணி, மத்திய காலத்துல அதோட தோலை வரியா கட்டுவாங்களாம், அதனால அந்த பேரு.

குனா நல்ல காசுதான், கெட்ட பேரு ஒண்ணும் இல்ல. மத்திய வங்கி அதை கண்ணுல வெளக்கெண்ணெய் ஊத்திகிட்டு பாத்துக்குச்சு, யூரோ வந்த பிறகு 1 யூரோவுக்கு 7-ல இருந்து 8 குனாவுக்குள்ளயே பெரும்பாலும் ஓட்டுனாங்க. ஆனா ஒரு தடவை சேமிப்பெல்லாம் கரைஞ்சு போனதை பாத்த குடும்பம் சொந்த காசை நம்பி பேங்க்ல போடுமா? போடல. முதல்ல மார்க்குல போட்டாங்க, மார்க் போனதும் யூரோவுல போட்டாங்க. வீட்டு டெபாசிட்ல பாதிக்கு மேல வெளிநாட்டு காசு, அதுல பெரும்பகுதி யூரோ. வீட்டு விலை, பழைய கார் விலை, இதெல்லாம் பேசறது யூரோவுல. ரொட்டி, பால், பஸ் டிக்கெட், காபி, இது மட்டும் குனாவுல.

இதை நான் விளக்கி முடிக்கறதுக்குள்ள எங்க கூட்டத்துல இருந்த ஒரு கொலுசு யாவாரி அண்ணன் சிரிச்சுட்டாரு. "தம்பி, இது நம்ம மெட்டல் கணக்கு தானே?"ன்னாரு. அவர் சொன்னது நூத்துக்கு நூறு சரி. சிவதாபுரம், பனங்காடு பக்கம் பட்டறைக்கு வெள்ளியை எடை போட்டு குடுப்பாரு, கொலுசா திரும்பி எடை போட்டு வாங்குவாரு, சேதாரம் கழிக்கறதும் எடைலதான். அவர் நோட்டுல ஒருத்தன் பாக்கின்னா கிராம்ல பாக்கி. ரூபாய் வர்றது கூலிக்கும் டீக்கும் மட்டும். வெள்ளி விலை ராத்திரிக்கு ராத்திரி மாறுனாலும் அவர் தூக்கம் கெடறதில்ல, ஏன்னா அவரோட சொத்தும் கடனும் ஒரே அளவுல இருக்கு. குரோஷியாக்காரனுக்கு யூரோதான் வெள்ளி, குனா வெறும் கூலி காசு.

ஆனா கடன் ஒரு அளவுல, சம்பளம் இன்னொரு அளவுலன்னு ஆயிட்டா கதை கந்தல். அதுக்கும் அவங்க ஊர்லயே உதாரணம் இருக்கு. 2000-க்கு அப்பறம் வட்டி கம்மின்னு ஆயிரக்கணக்கான குடும்பங்க சுவிஸ் பிராங்குல வீட்டுக்கடன் வாங்கிருக்காங்க. பிராங்கு மதிப்பு ஏற ஏற தவணை ஏறுச்சு, 2015 ஜனவரி 15-ல சுவிஸ் மத்திய வங்கி திடீர்னு யூரோவுக்கு எதிரா பிராங்கு ஏறாம பிடிச்சு வெச்சிருந்த வரம்பை கைவிட்டதும் பிராங்கு எகிறிருச்சு. குரோஷிய அரசாங்கம் பதறிப்போய் கடன் தவணைக்கு 1 பிராங்குக்கு 6.39 குனான்னு ஒரு வருஷம் விகிதத்தை உறைய வெச்சுது, அப்பறம் அதே வருஷ செப்டம்பர்ல சட்டம் போட்டு அந்த கடனை எல்லாம் யூரோ கடனா மாத்த சொல்லிருச்சு. பேங்க்காரங்க கத்துனாங்க, நஷ்டம் அவங்க தலைல. கவனிச்சு பாருங்க, சொந்த நாட்டு காசு குனா இருக்கு, ஆனா கடனை மாத்தினது குனாவுக்கு இல்ல, யூரோவுக்கு.

சரி இதுல இருந்து என்ன வருதுன்னா, சொந்த காசு இருந்தா கஷ்ட காலத்துல மதிப்பை எறக்கி ஏற்றுமதியை தூக்கலாம்னு புஸ்தகத்துல சொல்லுவாங்க இல்லையா, அந்த ஆயுதம் குரோஷியா கைல பேருக்குத்தான் இருந்துச்சு. குனா மதிப்பை 20 சதவீதம் எறக்கினா யூரோவுல கடன் வாங்குன ஒவ்வொரு வீட்டோட தவணையும் குனா கணக்குல 25 சதவீதம் ஏறும். எந்த மத்திய வங்கி கவர்னரும் அதை தொட மாட்டாரு, தொடவும் இல்ல. அதனாலதான் "சுதந்திரமான நாணய கொள்கையை இழக்கறோம்"ங்கற வாதம் ஸ்வீடனுக்கு பொருந்தற மாதிரி குரோஷியாவுக்கு பொருந்தாதுன்னு நான் நெனைக்கறேன். ஸ்வீடன் 2003 செப்டம்பர்ல ஓட்டெடுப்பு வெச்சு யூரோ வேண்டாம்னு சொல்லிட்டாங்க, இன்னைக்கும் குரோனாதான். அவங்க சேமிப்பும் கடனும் சொந்த காசுல இருந்துச்சு, அவங்களுக்கு இழக்க ஒண்ணு இருந்துச்சு.

வரிசைல நின்ன காலம்

2013 ஜூலை 1-ல ஐரோப்பிய யூனியன்ல சேந்தாங்க. சேரும்போதே என்னைக்காவது யூரோவுக்கு வர்றோம்னு ஒத்துகிட்டு தான் சேரணும், டென்மார்க் மாதிரி விலக்கு வாங்கினவங்க தவிர. ஆனா தேதி யாரும் கேக்க மாட்டாங்க, ஸ்வீடன் அந்த சந்துல தான் இன்னும் நிக்குது.

குரோஷியா 2017 கடைசில அரசாங்கமும் மத்திய வங்கியும் சேந்து ஒரு யூரோ திட்டத்தை வெளியிட்டாங்க. 2019-ல முறைப்படி விருப்ப கடிதம், 2020 ஜூலை 10-ல காத்திருப்பு அறை மாதிரி ஒரு ஏற்பாட்டுல சேத்துகிட்டாங்க, பல்கேரியாவையும் அதே நாள். அங்க குறைஞ்சது ரெண்டு வருஷம் இருக்கணும், நிர்ணயிச்ச மைய விகிதத்துல இருந்து மேல கீழ 15 சதவீதத்துக்குள்ள காசு நிக்கணும். மைய விகிதம் 1 யூரோவுக்கு 7.53450 குனா. இந்த நம்பரை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி இதுதான் வில்லன்.

அந்த 2020 அவங்களுக்கு மோசமான வருஷம். மார்ச்ல தலைநகர் ஜாக்ரெப்ல பூகம்பம், கொரோனா, டூரிஸ்ட் வரல, டிசம்பர் கடைசில பெட்ரின்யால இன்னொரு பெரிய பூகம்பம். நாட்டு வருமானத்துல டூரிசத்துக்கு அஞ்சுல ஒரு பங்கு இருக்கற ஊரு அது. இருந்தும் அந்த டிசம்பர்லயே நாணய மாற்ற திட்டத்தை எழுதி முடிச்சாங்க. நம்ம ஊர்ல மழை பேஞ்சா மேம்பால வேலை நின்னுடும்.

அப்பறம் 2022 ஜூன் 1-ல, யூரோவுக்கு தகுதி இருக்கான்னு ஐரோப்பிய கமிஷனும் ஐரோப்பிய மத்திய வங்கியும் பாத்த பரிசோதனை ரிப்போர்ட். அரசாங்க பற்றாக்குறை 2021-ல நாட்டு உற்பத்தில 2.9 சதவீதம், எல்லை 3. கடன் 79.8 சதவீதம், எல்லை 60, ஆனா குறைஞ்சுகிட்டே வருதுன்னு விட்டுட்டாங்க. பணவீக்கத்துலதான் சுவாரசியம். விதி என்னன்னா, யூனியன்ல விலைவாசி விஷயத்துல சிறப்பா இருக்கற மூணு நாட்டோட சராசரியை எடுத்து, அதோட 1.5 சேத்தா வர்ற கோட்டை தாண்டக்கூடாது. அந்த வாட்டி கோடு 4.9, குரோஷியா 4.7. மயிரிழை. அதுலயும் அந்த மூணு நாடு எதுன்னு பாத்தா பிரான்ஸ், பின்லாந்து, கிரீஸ். இவங்களை விட கம்மியா விலைவாசி இருந்த மால்டாவையும் போர்ச்சுகலையும் "இவங்க விதிவிலக்கு"ன்னு ஓரமா ஒக்கார வெச்சுட்டாங்க. அவங்களை சேத்திருந்தா கோடு கீழ எறங்கிருக்கும், குரோஷியா வெளியதான் நின்னுருக்கும். இது தில்லுமுல்லுன்னு நான் சொல்லல, அந்த மாதிரி விலக்கறது முன்னாடியும் நடந்துருக்கு, ஆனா இந்த பரிட்சைல மார்க்கு போடறவருக்கு கொஞ்சம் கை இருக்குங்கறது தெரிஞ்சு வெச்சுக்கணும். பெரியப்பா இதை கேட்டுட்டு "லோன் சாங்ஷன் பண்ணணும்னு மேல முடிவு பண்ணிட்டா பேலன்ஸ் ஷீட் தானா சரியாயிரும் கண்ணு"ன்னாரு. அவர் எந்த பேங்க்னு கேக்காதீங்க.

ஜூலை 12, 2022-ல கடைசி கையெழுத்து. இருபதாவது யூரோ நாடு.

எதிர்ப்பு இல்லாம இல்ல. 2021-ல ஒரு வலதுசாரி கட்சி, யூரோவுக்கு ஓட்டெடுப்பு வெக்கணும்னு கையெழுத்து வேட்டை நடத்துச்சு, வாக்காளர்ல 10 சதவீதம் வேணும், அவ்வளவு சேரல. அதை விட ஜனங்க சத்தம் போட்டது காசு டிசைனுக்கு. 1 யூரோ காசுல குனா பிராணி படம் போடலாம்னு தேர்ந்தெடுத்து 2022 பிப்ரவரில காட்டுனாங்க, ரெண்டு மூணு நாள்ல அது ஒரு ஸ்காட்லாந்து போட்டோகிராஃபரோட படத்தை பாத்து வரைஞ்சதுன்னு நெட்ல கிழிச்சு தொங்க விட்டாங்க. டிசைனர் தானா வாபஸ் வாங்கிட்டாரு, புதுசா வேற படம் வரைய வெச்சாங்க. 10, 20, 50 சென்ட்ல நிகோலா டெஸ்லா, அதுக்கு பக்கத்து நாடு செர்பியாவோட மத்திய வங்கி குறுக்க வந்து "அவர் எங்க ஆளு"ன்னு சண்டை. டெஸ்லா 1856-ல பொறந்த ஸ்மில்யான் கிராமம் இன்னைக்கு குரோஷியாவுல இருக்கு, குடும்பம் செர்பிய குடும்பம். ரெண்டு பேர் சொல்றதும் உண்மைதான், என்ன பண்றது.

விலைச்சீட்டு வேலை

இந்த பகுதி எனக்கு ரொம்ப பிடிச்சது, ஏன்னா கணக்கு எழுதறவனுக்கு இதுதான் படம்.

விகிதம் 7.53450. சட்டம் என்ன சொல்லுதுன்னா அஞ்சு தசம இடமும் அப்படியே போட்டு வகுக்கணும், 7.5-ன்னு சுருக்கக்கூடாது. வர்ற விடையை மூணாவது தசமத்தை பாத்து ரெண்டு இடத்துக்கு முழுசாக்கணும், 5-ம் அதுக்கு மேலயும்னா ஏத்து, கீழன்னா எறக்கு. 100 குனா 13.27 யூரோ. 10 குனா 1.33. 15 குனா 1.99. டெபாசிட், கடன், சம்பளம் எல்லாம் ஜனவரி 1 பொறக்கும்போது தானா இந்த கணக்குல மாறிரும், கட்டணம் கெடையாது, யாரும் பேங்க் வாசல்ல போய் நிக்க வேண்டியதில்ல.

கடைல ரெட்டை விலை போடணும்ங்கற கட்டாயம் 2022 செப்டம்பர் 5-ல ஆரம்பிச்சு 2023 டிசம்பர் 31 வரைக்கும் ஓடுச்சு. ஒரே சீட்டுல குனா விலை, யூரோ விலை, கூடவே அந்த விகிதம். மாற்றத்துக்கு நாலு மாசம் முன்னாடியே ஆரம்பிச்சதால, எந்த கடைக்காரன் எப்ப ஏத்தினான்னு ஜனங்க கண்ணால பாக்கலாம். நியாயமா நடப்பேன்னு ஒத்துகிட்ட கடைக்கு ஒட்டிக்கறதுக்கு ஒரு ஸ்டிக்கரும் குடுத்தாங்க.

காசு அடிக்கறது ஜாக்ரெப் பக்கத்துல இருக்கற அவங்க சொந்த நாணயச்சாலைல. ஜூலைல கடைசி முடிவு வந்த பிறகுதான் அச்சு ஓட்ட ஆரம்பிச்சாங்க. டிசம்பர் 1-ல இருந்து ஜனங்களுக்கு ஒரு ஆரம்ப பொட்டலம், 33 காசு, விலை 100 குனா, உள்ள இருந்தது 13.28 யூரோ. கணக்குப்படி 13.27 தானே வரணும்? ஒரு சென்ட் ஜனங்க பக்கம் விட்டுருக்காங்க. சின்ன விஷயம்தான், ஆனா இப்படி முழுசாக்கறப்ப லாபம் யார் பக்கம் போகுதுன்னு அந்த அதிகாரிங்களுக்கு புரிஞ்சிருக்குன்னு எனக்கு தோணுச்சு.

ரெண்டு காசும் சேந்து ஓடுனது ரெண்டே வாரம், ஜனவரி 1-ல இருந்து 14 வரைக்கும். குனா குடுக்கலாம், பாக்கி யூரோவுல தான் வரும். அதாவது ஒவ்வொரு கல்லாப்பெட்டியும் குனாவை உறிஞ்சிக்கற பம்ப் செட் ஆயிருச்சு, நல்ல ஏற்பாடு.

இங்க நம்ம ஊரு கதையை சொல்லியே ஆகணும். 1957 ஏப்ரல் 1-ல இந்தியாவுல அணா போய் நயா பைசா வந்துச்சு, ரூபாய் அப்படியே நின்னுச்சு, 16 அணாவுக்கு பதில் 100 நயா பைசா. ஒரு அணா சரியா 6.25, அதை 6-ன்னு வெச்சாங்க, ரெண்டு அணா 12, மூணு அணா 19, நாலு அணா 25. எங்க தாத்தா அப்ப லீ பஜார்ல மளிகைக்கடை வெச்சிருந்தாரு, அவர் சொன்னதா பெரியப்பா சொல்றது: அட்டவணையை கடைல மாட்டி வெச்சிருந்தாலும் ஜனங்க அதை பாக்கவே மாட்டாங்களாம், கடைக்காரன் மூஞ்சியைத்தான் பாப்பாங்களாம், ஒரு அணா சாமானுக்கு எவனாச்சும் ஏழு பைசா கேட்டா அன்னைக்கு கடை முன்னாடி பஞ்சாயத்து தானாம். "நயா"ங்கற வார்த்தையை 1964-ல தூக்கிட்டாங்க, ஆனா நாலணா எட்டணான்னு சொல்றது 25 பைசா செல்லாமப் போன 2011 வரைக்கும் போகல, செவ்வாய்ப்பேட்டைல இன்னும் சில பெருசுங்க வாயில ஓடுது.

2016 நவம்பர் 8 வேற கதை, அதை எங்க கூட்டத்துல ஒரு பையன் கெளப்புனான். நமக்கு ராத்திரி எட்டு மணிக்கு டிவில சொல்லி நடுராத்திரில 500, 1000 செல்லாது. அது கருப்பு பணத்தை பிடிக்கன்னு சொல்லி செஞ்சது, திடீர்னு செஞ்சாதான் அர்த்தம்னு வாதம். குரோஷியால ரகசியமே இல்ல, விகிதம் ஒரு அளவுக்கு 2020-ல இருந்தே தெரியும், தேதி ஆறு மாசம் முன்னாடி உறுதி. ரெண்டையும் ஒண்ணா வெச்சு பாக்கறது நியாயம் இல்லன்னு நான் அவன்கிட்ட சொன்னேன், அவன் ஒத்துக்கல. அவங்கப்பா அந்த நவம்பர்ல பட்டறை கூலி குடுக்க முடியாம பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும், அதனால நான் அதுக்கு மேல பேசல.

ஜனவரி முதல் வாரம்

நடுராத்திரில நிதியமைச்சர் மார்கோ ப்ரிமோராட்ஸும் மத்திய வங்கி கவர்னர் போரிஸ் வுய்ச்சிச்சும் ஏடிஎம்ல யூரோ எடுத்து போஸ் குடுத்தாங்க. அதே நாள், பாஸ்போர்ட் சோதனை இல்லாம நாடு விட்டு நாடு போற ஷெங்கன் ஏற்பாட்டுலயும் சேந்ததால எல்லைல கேட்டை தூக்கினாங்க. ஐரோப்பிய கமிஷன் தலைவர் உர்சுலா வான் டேர் லேயன் வந்து, பிரதமர் ஆந்த்ரெய் ப்ளென்கோவிச்சோட ஜாக்ரெப்ல காபி குடிச்சு யூரோவுல காசு குடுத்தாங்க. படம் நல்லா வந்துச்சு.

அந்த காபி தான் பிரச்சினை ஆச்சு. குரோஷியாக்காரங்க காபிக்கடைல மணிக்கணக்கா உக்காந்து பேசற ஜாதி, நம்ம டீக்கடை பெஞ்ச் மாதிரி. சும்மா உதாரணத்துக்கு 12 குனா காபின்னு வெச்சுக்கோங்க, கணக்குப்படி 1.59 யூரோ. எந்த கடைக்காரன் 1.59-ன்னு போர்டு எழுதுவான்? 1.60 போட்டா யாருக்கும் கோவம் வராது. 1.80 போட்டா? அது 13.56 குனா, 13 சதவீதம் ஏத்தம். ஆனா பாக்கறவனுக்கு 12-ங்கற நம்பர் 1.80 ஆயிருக்கு, சின்னதா தெரியும், நாலு நாள் கழிச்சு மாச செலவை கூட்டும்போதுதான் சுருக்குன்னு இருக்கும். காபிக்கடை, பேக்கரி, சலூன், பார்க்கிங்னு புகார் கெளம்பிருச்சு. அரசாங்கம் ஜனவரி முதல் வாரத்துலயே, நியாயமில்லாம ஏத்தினவங்க டிசம்பர் 31 விலைக்கு திரும்பணும்னு சொல்லி, இல்லன்னா மானிய விலை மின்சாரத்தை நிறுத்துவோம், கூடுதல் வரி போடுவோம்னு மெரட்டி, இன்ஸ்பெக்டர்களை கடை கடையா அனுப்பி, அபராதமும் போட்டாங்க.

அந்த சமயம் அங்க விலைவாசி ஏத்தம் ஏற்கனவே வருஷத்துக்கு 13 சதவீதத்தை ஒட்டி இருந்துச்சு, உக்ரைன் போர், கேஸ் விலை எல்லாம் சேந்து. அரசாங்கம் செப்டம்பர்லயே எண்ணெய், சர்க்கரை, மாவு, பால்னு சில சாமான்களுக்கு விலை உச்சவரம்பு வெச்சிருந்துச்சு. அப்பறம் ஐரோப்பிய மத்திய வங்கியும் குரோஷிய வங்கியும் பிரிச்சு பாத்தப்ப, காசு மாறினதால மட்டும் கூடின பங்கு ஒரு சதவீதத்துல பாதி கூட இல்லன்னு வந்துச்சு. மொத்த விலைவாசியோட வருஷ ஏத்த சதவீதம் டிசம்பரை விட ஜனவரில கொஞ்சம் எறங்கவே செஞ்சுது.

அப்போ ஜனங்க பொய் சொன்னாங்களா? இல்ல. மனுஷன் விலைவாசியை அரசாங்க குறியீட்டுல பாக்கறதில்ல, தெனம் கைல இருந்து சில்லறை போற எடத்துல பாக்கறான். வாஷிங் மெஷின் விலை எறங்கினதை யார் ஞாபகம் வெச்சுக்கறா, பத்து வருஷத்துக்கு ஒரு தடவை வாங்கறோம். காபியும் ரொட்டியும் முடி வெட்டறதும் தெனம், வாரம். 2002-ல ஜெர்மனி, இத்தாலியெல்லாம் யூரோவுக்கு வந்தப்பவும் அப்படியே இதே சண்டை, புள்ளிவிவரம் ஒண்ணு சொல்லுது, ஜனங்க வாய் வேற சொல்லுது. இருபது வருஷம் முன்னாடி தெரிஞ்ச விஷயத்துக்கு 2023-லயும் ஏற்பாடு இல்லாம இருந்ததைத்தான் நான் குறைன்னு சொல்லுவேன். ரெட்டை விலை, விகிதம், ஸ்டிக்கர் எல்லாம் சாமான் விக்கற கடைக்கு கச்சிதம். சேவை விக்கற கடைக்கு, அதாவது போர்டுல ஒரே ஒரு முழு நம்பர் எழுதி வாழற கடைக்கு, அந்த ஏற்பாடு பத்தல. நியாயமான முழு நம்பர் எதுன்னு முன்கூட்டியே யாரும் உக்காந்து பேசல.

கடைக்காரங்க பக்கமும் கேக்கணும். எங்க யாவாரி அண்ணன் கடுப்பாயிட்டாரு. "வருஷ பொறப்புக்குத்தான் எல்லாரும் ரேட்டு மாத்துவோம், கரண்டு பில்லு ஏறிருக்கு, பால் விலை ஏறிருக்கு, அன்னைக்கே காசும் மாறுதுன்னா நான் ஏத்தினதை எல்லாம் காசு தலைல கட்டிருவீங்களா?"ன்னு. இதுல நியாயம் இருக்குங்கண்ணான்னு நானும் சொன்னேன். நாலு மாசமா ரெட்டை சீட்டு தொங்கும்போது ஏத்த கூச்சப்பட்டவன் எல்லாம் சீட்டு மாறற அன்னைக்கு மொத்தமா ஏத்திருப்பான். அதனால ஜனவரி ஏத்தத்துல கொஞ்சம், தள்ளிப்போட்ட ஏத்தம். ஆனா மொத்தமும் அதுதான்னு சொன்னா, ஏற்காட்டுல சீசன்ல ரூம் வாடகைக்கு காரணம் சொல்ற மாதிரி இருக்கும்.

மெரட்டுனது பத்தி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்ல. தடையில்லா சந்தைன்னு சொல்லிட்டு "டிசம்பர் விலைக்கு போ"ன்னு சொன்னா, சட்டப்படி எது தப்பு, எது வெறும் லாப ஆசைன்னு இன்ஸ்பெக்டருக்கே தெரியாது. மாத்தி எழுதறதுல கணக்கு தப்புன்னா அபராதம் போடு, சரி. ரேட்டு ஏத்தினதுக்கே அபராதம்னா அது டிவிக்கு.

கெடைச்சது என்ன

டூரிஸ்ட்ல பெரும்பாலானவங்க ஜெர்மனி, ஸ்லோவேனியா, ஆஸ்திரியான்னு யூரோ நாட்டுக்காரங்க, அவங்களுக்கு மாத்து கூலி மிச்சம், ஹோட்டல்காரனுக்கும் மிச்சம். யூரோ கடன் வாங்கின குடும்பத்துக்கு குனா விழுந்துருமோங்கற பயம் போச்சு, எனக்கு கேட்டா இதுதான் பெரிய லாபம், யாரும் போட்டோ எடுக்காத லாபம். சம்பளமும் கடனும் ஒரே அளவுக்கு வந்துருச்சு. 2022-லயே, நாடுங்களோட கடன் தரத்தை எடை போடற ரேட்டிங் கம்பெனிங்க குரோஷியாவோட மதிப்பெண்ணை ஏத்திட்டாங்க. வட்டி முடிவு இனிமே ஐரோப்பிய மத்திய வங்கி இருக்கற பிராங்க்பர்ட்ல, அங்க கவர்னர்கள் மேசைல குரோஷியாவுக்கும் ஒரு நாற்காலி. முன்னாடி அந்த மேசைல எடுத்த முடிவை ஜாக்ரெப்ல இருந்து பின்பற்றத்தான் முடியும், நாற்காலி கெடையாது.

ஆபத்து இல்லையான்னா இருக்கு. கிரீஸ் 2010-ல மாட்டினப்ப காசு மதிப்பை எறக்க வழியில்லாம சம்பளத்தையும் பென்ஷனையும் வெட்டித்தான் சரிகட்டுனாங்க. குரோஷியால டூரிசம் ரெண்டு சீசன் படுத்தா, அதே மாதிரி ஒரு நிலைமைல என்ன பண்ணுவாங்கங்கறது பாத்தாதான் தெரியும். பட்ஜெட்ல கைய கட்டி வெச்சிருந்தா தப்பிக்கலாம். அரசியல்வாதி கைய கட்டறது அந்த ஊர்லயும் கஷ்டம்தான்.

அடுத்து 2026 ஜனவரி 1-ல யூரோவுக்கு வந்த பல்கேரியா குரோஷியாவை பாத்துதான் பாடம் படிச்சுது. அவங்க லெவ்வு 1997-ல இருந்தே முதல்ல மார்க்கோடயும் அப்பறம் யூரோவோடயும் இறுக்கமா கட்டிப்போட்ட காசு, 1 யூரோவுக்கு 1.95583, அதனால ஜனங்க மனசுல சும்மா ரெண்டால வகுத்தா போதும். ரெட்டை விலை 2025 ஆகஸ்ட் 8-லயே ஆரம்பம், 2026 ஆகஸ்ட் 8 வரைக்கும். ரெண்டு காசும் சேந்து ஓடறதுக்கு ரெண்டு வாரம் இல்ல, ஜனவரி மாசம் முழுக்க. காரணம் இல்லாம விலை ஏத்தறதை தடுக்க சட்டத்துலயே முன்கூட்டி எழுதி வெச்சாங்க, ஜனவரில பதறிகிட்டு மெரட்டறதை விட இது தேவலாம். ஆனா அங்க எதிர்ப்பு குரோஷியாவை விட பலமா இருந்துச்சு, ஜனாதிபதி ருமென் ராடேவே 2025 மே மாசம் ஓட்டெடுப்பு வெக்கலாம்னு சொல்லி, பாராளுமன்ற சபாநாயகர் அதை ஏத்துக்கல. 2026 ஜனவரி 1-க்கு மூணு வாரம் முன்னாடி பட்ஜெட்டை எதிர்த்து கெளம்புன போராட்டத்துல அரசாங்கமே ராஜினாமா பண்ணுச்சு, யூரோ தேதி மட்டும் மாறல.

கடைசியா ஒரு நடைமுறை விஷயம், கூட்டம் முடிஞ்சு எந்திரிக்கும்போது ஒரு பையன் கேட்டான். அவன் மாமா பையன் அந்த பக்கம் ஹோட்டல் வேலைக்கு போய் வந்தப்ப கொண்டாந்த குனா வீட்டுல கெடக்குதாம், ஏதாச்சும் தேறுமான்னு. நோட்டா இருந்தா குரோஷிய மத்திய வங்கி எப்ப வேணா மாத்தி குடுக்கும், கெடு கெடையாது, யாராச்சும் ஜாக்ரெப் போறப்ப குடுத்து விடலாம். காசா இருந்தா மூணு வருஷம்தான் டைம் வெச்சிருந்தாங்க, 2025 டிசம்பர் 31-ஓட முடிஞ்சுது. அவன்கிட்ட இருந்தது எல்லாம் காசு.